கருப்பணன் பார்த்த போஸ்டர்

"நாடா தொங்குது பாருலே! பென்சிலை விட்டுச் சுத்து," என்றார் மொக்கைச்சாமி.

சங்கிலிமுத்து கேசட்டைச் சுற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தார். வாசலில் போட்ட நாற்காலியில், மாட்டிவைத்த படத்துக்குள் ரிக்கி டேல் சிரித்துக்கொண்டிருந்தார். அதே சிவப்புத் தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடி. அந்த வெளிநாட்டுப் பாடகர் இறந்த செய்தி டி.வி.யில் வந்ததிலிருந்து சங்கிலிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆமத்தூரில் பழைய கூட்டாளிகளைச் சேர்த்து இன்று அஞ்சலி.

"அவர் பாட்டுல ஒரு வரி அர்த்தம் தெரியாமலே இளவட்டம் பூரா ஆடித் தீர்த்துட்டோம்," என்றார் ஒரு கூட்டாளி.

"அர்த்தம் தெரிஞ்சிருந்தா ஆடியிருக்க மாட்டோம்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்து சிரிக்கவில்லை.

"கருப்பணன் வரணும்யா. அவன் இல்லாம என்ன அஞ்சலி?"

"எங்கண்ணன் வந்துட்டாலும்..." என்று உள்ளேயிருந்து பெருமூச்சு விட்டாள் அவர் மனைவி ராமுத்தாய்.

சங்கிலிமுத்துவும் கருப்பணனும் ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுப் பொங்கல் மேடைகளில் ஆடியவர்கள். கருப்பணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் தங்கையைச் சங்கிலிமுத்து கட்டிக்கொண்ட அன்றோடு ஆட்டம் நின்றது. "இனி நீ செத்தாத்தாம்லே உன் வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காரியாபட்டிக்குப் போனவர், மருமகள் ரோஜாவின் சடங்குக்குக்கூட வரவில்லை.

"மாப்ள! என்னைய விட்டுட்டுப் போயிட்டியேலே!"

தெருமுனையில் அழுகுரல். தோளில் மாலை, கையில் ஒரு பை, வாயில் துண்டு. கருப்பணன்தான்! ஓடி வந்து வாசலேறியவர், சங்கிலிமுத்துவுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"ஏலே... நீ சாகலையா?"

"கேசட்டுச் சுத்திக்கிட்டு இருக்கேன் மச்சான்."

"விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்குலே! கண்ணீர் அஞ்சலின்னு கொட்டை எழுத்து. அதுக்குக் கீழ ஆளு உசரத்துக்கு உன் மூஞ்சி!"

மொக்கைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சலி செலுத்துறவன்னு ஓரத்துல சின்னதாப் போட, இவன் படத்தையும் பிரஸ்ல குடுத்தோம். அந்த ஜெயசுந்தர் பய பாடகரை ஓரத்துல தள்ளிட்டு, இவனை நடுவுல வச்சுட்டாம்போல!"

வாசலே குலுங்கிச் சிரித்தது.

"அப்ப நான் கிளம்புறேன்," என்று திரும்பினார் கருப்பணன்.

"மிதிச்சது மிதிச்சாச்சு மச்சான். இனி என்ன?"

ராமுத்தாய் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். கருப்பணன் அவள் தலையைத் தடவினார்.

"அம்புட்டுத் தூரமும் அழுதுக்கிட்டே வந்தேன். பசிக்குது தாயி."

மாலை ரிக்கி டேலுக்குப் போனது. கேசட் ஓட ஆரம்பித்தது. கருப்பணன் பையைத் திறந்து ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்தார்.

"இதை எதுக்கு மச்சான் கொண்டாந்தீக?"

"உன்கூட அனுப்பி வைக்கலாம்னுதாம்லே!"

தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருவரும் ஆடினார்கள். "மாமா, இடுப்பு பத்திரம்!" என்று ரோஜா கத்த, மூச்சு வாங்கும்வரை ஆடிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்கள்.

ரசம் வரும் நேரத்தில் ஜெயசுந்தரின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"வாலே, வா! எந்தப் படத்தை எங்கலே போட்ட? உயிரோட இருக்கவனைச் சாகடிச்சுட்டியே!" என்று பாய்ந்தார் மொக்கைச்சாமி.

ஜெயசுந்தர் விழித்தான்.

"என்னண்ணே சொல்றீக? சிவகாசியில நேத்துப் பிடிச்ச கரண்ட் கட்டு, உங்க போஸ்டர் ஒண்ணுகூட இன்னும் அடிக்கலையே! இந்தா, இந்த அண்ணனுக்கும் தெரியுமே... நேத்து பிரஸ்ஸுக்கு வந்து, அஞ்சலி எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போனாகளே!"

கருப்பணன் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "தாயி, ரசம் ஊத்து," என்றார்.