முந்நூறு தாங்கிய குழாய்

என் வீட்டுக்காரர் குழாயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நகைப்பெட்டியை வைப்பதுபோல என் மடியில் வைத்தார்.

பிரித்தேன். வழவழவென்று இருந்தது. என் ஏர் ரைபிளுக்குப் புதுக் காற்றுக் குழாய். பழையதைவிட நாலு விரல் நீளம்.

பழைய குழாயில் பாதிப் போட்டியிலேயே காற்று தீர்ந்துவிடும். எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்வதற்குள் கைக்கு வந்த பதம் போய்விடும். போன முறை அப்படித்தான் கோட்டைவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்டி. அதற்காகத்தான் அவர் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் லேத்தே கதி என்று கிடந்தார்.

காற்று சிலிண்டரின் ஹோஸைக்கூட இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நிரப்பிவிடலாமா என்றார்.

"முதல்ல தண்ணி" என்றேன்.

அவ்வளவுதான், மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஏன், என் கை மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

இருக்கிறது. அந்தக் கையை நம்பித்தான் கல்யாணமே செய்துகொண்டேன். ஆனால் இருநூறு பார் அழுத்தத்தில் அடைத்த காற்றுக்கு அது யார் கை என்றெல்லாம் தெரியாது. குழாய் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும், இரும்புத் துண்டுகளோடு. நான் சுடும்போது குழாயின் பின்முனை என் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரம்தான்.

தண்ணீருக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது. அமுக்கினாலும் காற்றைப்போலச் சுருங்காது. குழாய் விட்டுக்கொடுத்தால் பொசுக்கென்று பீய்ச்சித் தரையை நனைத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

அதனால்தான் தண்ணீரில் முதல் சோதனை. இருநூறில் ஓட வேண்டிய குழாய் முந்நூறு தாங்க வேண்டும். தாங்கினால் மட்டும் போதாது, இறக்கிய பிறகு பழைய பருமனுக்கே திரும்ப வேண்டும். உப்பியது உப்பியபடியே நின்றுவிட்டால் அந்த இரும்பை நம்ப முடியாது.

இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஊரான் செய்த குழாய் என்றால் அவரே வாளியோடு நிற்பார். தான் கடைந்தது என்றால்தான் இந்த ரோஷம்.

எனக்கு இன்னோர் உறுத்தலும் இருந்தது. குழாய் லேசாக இருந்தது. துப்பாக்கி தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது என்று போன மாதம் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்திருந்தேன். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று உள்ளே கூடுதலாகக் கடைந்துவிட்டாரோ? கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று பெருமையாகச் சொல்வார்.

முனகிக்கொண்டே மைக்ரோமீட்டரை எடுத்தார். டிக், டிக் என்று அதன் தலை வழுக்கும்வரை திருகி, வெளிப் பருமனை அளந்தார். குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்காதபடி தட்டித் தட்டி மூடினார். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய், இந்தப் பக்கம் கைப்பம்பும் நாங்களும்.

நான் அடித்தேன். அவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நூறு. நூற்றைம்பது. இருநூறைத் தாண்டியதும் அவர் குரலில் கோபம் இறங்கிவிட்டது. கடைசியில் முழு உடம்பையும் கைப்பிடியில் சாய்க்க வேண்டியிருந்தது.

முந்நூறு.

காத்திருந்தோம். எங்கேயும் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

"முள் அசையவே இல்ல. போதுமா மகாராணி?"

போதும் என்றுதான் இருந்தது எனக்கும். அழுத்தத்தை இறக்கி, சீட்டியடித்துக்கொண்டே குழாயை எடுத்துவந்து துடைத்தார். நான் அதற்குள் மனசுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைசிக் குண்டுவரை எழுந்திருக்கவே இல்லை.

டிக், டிக், டிக்.

சீட்டி நின்றது.

மறுபடியும் துடைத்தார். மறுபடியும் டிக், டிக். குழாயைத் திருப்பிவைத்து இன்னொரு தடவை அளந்தார்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் குறி பார்ப்பது காதால்தான். துப்பாக்கியில் மாட்டிய கருவி, நடுப்புள்ளியை நெருங்க நெருங்கச் சுருதி ஏறி ஒலிக்கும். ஆனால் மைக்ரோமீட்டரின் கோடு எனக்கு ஒன்றும் சொல்லாது. அவர் சொன்னால்தான் உண்டு. சரியா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கன்னத்தை வைத்திருப்பேன்.

குழாயைக் கவ்வி வைஸ் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு ரம்பம்.

பாதியில் நிறுத்தாமல், கடைசிவரை அறுத்தார். பக்கத்தில் வந்து இரண்டு துண்டுகளையும் என் மடியில் வைத்தார். வெட்டிய வாய் இன்னும் சூடாக இருந்தது. ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். மெலிதாகத்தான் கடைந்திருந்தார்.

"அடுத்தது கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய குழாயோடு பாதியில் எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் வந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

தோள் தாங்கும் என்றேன்.