பிறவிக் கோளாறு

இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா மேசைமேல் வைத்த பிஸ்டலைப் பார்த்ததும், ஆரப்பாளையத்தில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜகுரு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"கடைசித் தோட்டா போனதும் மேல இருக்குற இந்த ஸ்லைடு பின்னால போய் நிக்கணும்லண்ணே? நிக்காம மூடிக்கிருதாம். என்னன்னு பாருங்க."

"வச்சிட்டுப் போங்க மேடம்."

"இருந்தே வாங்கிட்டுப் போறேன்." வாசலை மறித்து நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

வேறு வழியில்லை. தோட்டா அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங்கை மாற்றி, மணல் மூட்டையில் சுட்டுப் பார்த்தான். கடைசியில் ஸ்லைடு மூடிக்கொண்டது. ஸ்லைடைத் தாங்கிப் பிடிக்கும் லீவரையும் மாற்றினான். மறுபடி மூடிக்கொண்டது.

"இது பிறவிக் கோளாறு மேடம்."

"குடுங்க." அவள் சுட்டாள். ஸ்லைடு பின்னால் போய் அசையாமல் நின்றது.

"பிஸ்டல் நல்லாத்தான் இருக்குண்ணே. ஸ்டேஷன்ல எல்லாரும் சுட்டுப் பாத்துட்டோம், நின்னுச்சு. நீங்க பிடிக்கிறப்ப கட்டைவிரல் லீவரை அமுக்குது."

"அப்பக் கோளாறுன்னு சொன்னது யாரு?"

"குண்டடிபட்டுப் பொழச்ச மேலூர் குவாரி ஓனரு. மூஞ்சியை மறைச்சுக்கிட்டுச் சுட்டு, இதை அங்கயே போட்டுட்டு ஓடுனவன் கையில, கடைசியில இது இப்பிடித்தான் மூடிக்கிச்சாம்."