அடைக்கணுமா மேடம்?

“வேர்க்குதா மேடம்?”

கேட்டவள் கட்டடக் குழுவின் தலைவி. எட்டாம் வகுப்புச் சீருடை, நிமிர்ந்த முதுகு.

ஏசி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உச்சி வெயிலில் வந்தவள். கழுத்து உலர்ந்திருந்தது.

“பரவாயில்ல,” என்று இழுத்தாள்.

இந்தப் பள்ளியில் கட்டடமும் ஒரு பாடம். சுவரின் அடியில் விட்ட துளைகள் வழியே, வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தடவிக்கொண்டு காற்று உள்ளே வரும். சூடு கூரையோரத் திறப்பில் ஏறிப் போய்விடும். எல்லாவற்றையும் பராமரிப்பது மாணவர் குழுதான். வகுப்புகளுக்கு ஏசி வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டபோது, “குழு முடிவு பண்ணட்டும்” என்றுவிட்டார் தலைமை ஆசிரியை. இதோ, பின்வரிசையில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார்.

ஆர்டர் கிடைத்தால் விற்பனை அதிகாரிக்குக் கிளை மேலாளர் பதவி. வருடக்கணக்கான கனவு. சின்னப் பிள்ளைகள்தானே, தேனொழுகப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் வந்தாள். தலைவியின் நாற்காலியில் இருப்பவளைப் பார்த்ததுமே, தயாரித்து வந்த பேச்சில் பாதி மறந்துவிட்டது.

“உங்க வீட்ல ஏசி இருக்கா ஆன்ட்டி?” என்றாள் குழுவில் ஒரு கண்ணாடிக்காரி.

“ஆன்ட்டி இல்லடி, மேடம்,” என்று பக்கத்திலிருந்தவன் இடித்தான்.

“இல்லாம? அது ஓடலைன்னா எங்க வீட்ல யாருக்கும் தூக்கமே வராது.”

தலைவி, விழாத பென்சிலைத் தேடிக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஏசி வச்சா இந்தச் சுவர்த் துளையெல்லாம் அடைக்கணுமா மேடம்?”

‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ இடங்களில் கூசாமல் சொன்ன பதில்தான். சொல்லிவிட்டால் போதும், இவர்களில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் தலைவியின் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. மடக்க நினைக்கும் பார்வையாக அது தெரியவில்லை. ஏதோ கெஞ்சுவதுபோல் இருந்தது.

“அடைக்கணும்,” என்றாள்.

“அடைச்சப்புறம் கரண்ட் போனா?”

அவள் கூரையைப் பார்த்தாள். “கஷ்டம்தான்.”

“யாருக்கு மேடம், எங்களுக்கா கூரைக்கா?” என்றான் இடித்தவன். அறையே சிரித்தது.

ஓட்டெடுப்பில், ஏசி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். தலைவியின் கை கடைசியாக, தயங்கித் தயங்கி உயர்ந்தது.

“உண்மையைச் சொன்னதுக்கு நன்றி மேடம்.” தலைவி எழுந்து நின்று சொன்னாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மண்டல மேலாளரின் போன்.

“என்னம்மா, கையெழுத்தாச்சா?”

“போச்சு சார். ஓட்டெடுப்புல தோத்துட்டேன்.”

“சின்னப் பசங்ககிட்டயா? கல்லையும் கரைக்கிற ஆளாச்சே நீங்க. யாரு மடக்கினது?”

“குழுத் தலைவி சார். என் வாயாலயே உண்மையைச் சொல்ல வச்சுட்டா.”

“உங்க பதவி உயர்வுல மண்ணை அள்ளிப் போட்டுட்டாளே. எந்தப் புண்ணியவதி பெத்த பொண்ணோ.”

மனசு ஏன் இத்தனை லேசாக இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“நான்தான் சார்.”