பாங்க்சியாவுக்கு விருந்து

"நெவில், அந்த வாளியைக் கீழ வை! அது மரம்ப்பா, கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளி இல்ல!"

தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார் பெரில். கடலோரப் புதர்களைக் காக்கும் ஊர்க்குழுவுக்கு அவர்தான் தலைவி. நெவில் வீட்டுக்கு எதிரே கடற்கரைப் பொது நிலத்தில் நிற்கும் பாங்க்சியா மரம், அவர் கையால் நட்டது. நட்டபோது முழங்கால் உயரம். இப்போது நெவிலின் மாடி ஜன்னலையே எட்டிவிட்டது. வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏற்றி வைத்ததுபோல ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கும். இந்த வருஷம் இலையெல்லாம் கருகிக் கிடந்தது.

"பாவம் பெரில், வாடிப் போச்சே! பசிக்குது போல" என்றபடி, கோழி எருவில் சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கலந்து வேரில் கொட்டினார் நெவில்.

"பசியாவது! மணலும் வெயிலும் உப்புக் காத்தும் இருந்தாப் போதும், அது பாட்டுக்கு வளரும். பாஸ்பேட் அதுக்கு விஷம்னு எத்தனை தடவை சொல்றது? கூட்டத்துல தலையைத் தலையை ஆட்டினியே, காதுல என்ன பஞ்சா வெச்சிருந்தே?"

"ஆசையா குடுக்கிறது எப்படிம்மா விஷமாகும்?"

"அவ்வளவு ஆசை இருந்தா என் தக்காளிக்கு வந்து கொட்டு. அதாவது பிழைக்கும்!"

நெவில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மண்ணைப் பற்றி மண்ணளவும் தெரியாது. பாசம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது. இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? பெரில் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வசந்தம் வருவதற்குள் மரம் பட்டே போனது. அதை வெட்டி எடுத்த அன்று, நெவில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்துக் குழுவில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் பெரில் கேக்கோடு வந்து கதவைத் தட்டினார்.

"மன்னிச்சுடு நெவில், உன்னைக் கொஞ்சநஞ்சமா திட்டினேன்? நீ அழுததைப் பார்த்து எங்க குழுவே உருகிடுச்சு. அதே இடத்துல வரிசையா பன்னெண்டு பாங்க்சியா வைக்கிறோம். நீ பாசத்துல உரம் கொட்டிடாம இருக்க, சுத்தி ஆளுயரத்துக்குக் கம்பி வேலி. முன்னாடி உன் பேர்ல ஒரு பலகை!"

நெவிலின் கண்களிலிருந்து மறுபடி பொலபொலவென்று கொட்டியது. இந்தத் தடவை தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாரு!" என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார் பெரில்.

கதவைச் சாத்தியதும், உள்ளேயிருந்து வந்த மனைவி ஷோனா பல்லைக் கடித்தாள்.

"கடல் தெரியற வீடு விற்பனைக்குன்னு விளம்பரம் வேற குடுத்தாச்சு. ஒண்ணைக் கொல்றதுக்கே ஆறு மூட்டை உரம் ஆச்சு நெவில், பன்னெண்டுக்கு எங்க போறது?"