உறவினர் விதி

முதல் நாள் டியூட்டிக்குக் கிளம்பிய பெனினா கொண்டையில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வந்தது. 'இன்று உங்களுக்குக் கேஷுவாலிட்டி டியூட்டி கிடையாது. காரணம்: உறவினர் விதி.'

சொந்தக்காரர் அடிபட்டு வரும் நாளில் நர்ஸுக்குக் கை நடுங்கும் என்பதற்காக வந்த விதி அது. அன்றைக்கு கேஷுவாலிட்டிக்கு யார் யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரி மெஷின் காலையிலேயே கணித்துச் சொல்லிவிடும். இதுவரை அது தவறியதே இல்லை.

ஆனால் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்! ஹெட் சிஸ்டருக்குப் போன் போட்டாள்.

"யாருன்னு எங்களுக்கே காட்டாதும்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

பெனினா புருஷன் ஜெபராஜின் பைக் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். சர்க்கரை நோயுள்ள மாமனார் கையிலிருந்த பணியாரத்தைப் பிடுங்கினாள். மாமியாரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றாள் மாமியார்.

மூவரையும் ஹாலில் உட்காரவைத்து எதிரே நின்றாள். மெசேஜ் மாறவில்லை.

"மூணு பேர்ல யாரோ எதையோ மறைக்கிறீங்க."

"எங்க பேரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் குடுத்த?" என்று கேட்டான் ஜெபராஜ்.

"ரேஷன் கார்டை அப்படியே ஏத்திவிட்டேன்."

அவன் முகம் மாறியது. மெல்ல எழுந்து ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அதுல நாலு பேருல்ல இருக்கோம்?"

நின்றுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.