எக்ஸ்ரேயில் ஒரு ரோஜா

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தாள் மகள் ஷீபா.

"யாரு நெஞ்சும்மா இது?"

எமல்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

நெஞ்சு இல்லை. பன்னீர் ரோஜா.

ஷீபாவின் அப்பா ராயப்பன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய அலமாரியை அன்றுதான் திறந்தார்கள். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். எத்தனையோ ஆயிரம் எலும்புகள். பூ இது ஒன்றுதான்.

"வெள்ளையா இருந்தா கெட்டி. கறுப்பா இருந்தா காத்து."

மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எமல்டாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது.

இதழ்கள் புகைபோல. ஒன்றுக்குள் ஒன்றாக, வெளியே தெரியாதவையும். நடுவில் இன்னும் விரியாத ஒரு சுருள். காம்பை ஒட்டி, பளிச்சென்று ஒரு கொண்டை ஊசி.

ஊசி அவளுடையது.

அப்போது இருபத்திரண்டு வயது. டீச்சர் ட்ரெயினிங்கில் சேர நெஞ்சுப் படம் கேட்டிருந்தார்கள். சங்கிலியைக் கழற்றச் சொன்னார் ராயப்பன். ஊசியையும். பூவோடு மேஜையில் வைத்தவள் மறந்துவிட்டு வந்துவிட்டாள்.

பூவுக்கு எலும்பு இல்லை. அதை அவர் எடுத்ததில் மூன்று படம் கறுத்துப்போய், நாலாவதில்தான் இதழ் விழுந்ததாம்.

மறுநாள் போனாள். அவர் இரண்டு படம் வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் பூவை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இதுல ஒண்ணும் இல்ல."

சிரித்துவிட்டாள்.

அவர் அடுத்ததை மாட்டினார். வலது பக்கம், தோளுக்குக் கீழே, பஞ்சுத் துணுக்கு போல ஒரு வெள்ளை.

"டாக்டரப் பாருங்க. மருந்துல போயிரும். பயப்படாதீங்க."

ட்ரெயினிங் போயிற்று. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. வீட்டில் அண்ணி அவள் தட்டைத் தனியாகக் கழுவினாள்.

ஒன்றரை வருஷம் மருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றையும் மாட்டி, எங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

ஆறாவது படத்தைப் பார்த்த டாக்டர் தலையாட்டினார்.

"சுத்தமா ஆயிட்டு. இனி நீ வரவேண்டாம்மா."

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமை எமல்டா பஸ் ஏறினாள்.

எக்ஸ்ரே அறை வாசலில், இருமிக்கொண்டிருந்தவர்களின் வரிசையில், கையில் சீட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.