எழும்பாத ரதிதேவி

"எழும்பும் ரதி! சனம் முழுக்க ஆடுது. நீர் மட்டும் பிரசங்கம் கேக்க வந்தமாதிரி இருக்கிறீர்."

ஜெயரட்ணம் குனிந்து மனைவியின் காதுக்குள் கத்தினார். ரதிதேவி சிரித்தாளே தவிர, நாற்காலியை விட்டு அசையவில்லை.

"முழங்கால் நோகுதப்பா. நீங்கள் ஆடுங்கோ."

முழங்காலாம்! நேற்றுக்கூட சான்ட்ரிங்ஹாம் வீட்டுக் குசினியில் இப்போது மேடையில் நிற்கும் இதே லண்டன் இசைக்குழுவின் பாட்டைப் போட்டுவிட்டு, கறியைக் கிளறக் கிளற ஆடியவள்.

ஆசிட் ஜாஸ் என்ற அந்தத் துள்ளல் இசை என்றால் அவளுக்கு உயிர். பேஸ் கிட்டார் உறும, ட்ரம்ஸ் அதைத் துரத்தத் தொடங்கினால் கால் தரையில் நிற்காது.

ஏழு வருடத்துக்கு முன் இந்தக் குழு இங்கே ஆக்லாந்துக்கு வந்தபோது, கூட்டிப் போகிறேன் என்று சொன்னவர் கடைசி நேரத்தில் வேலைக்குப் போய்விட்டார். உடுத்து வெளிக்கிட்டு நின்றவள் ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனம் இன்றுவரை அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

இந்த முறை அவரே டிக்கெட் எடுத்தார், லீவு போட்டார். ஒரேயொரு பாட்டுக்கு அவள் ஆடினால் போதும், மனசு ஆறிவிடும்.

முதல் பாட்டுக்கு எல்லோருக்கும் முதல் எழும்பினவளும் அவள்தான். என்ன நினைத்தாளோ, சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

'இத்தனை வருசம் பொத்தி வைச்சு, இண்டைக்குத் தீர்க்கிறாள்' என்று நினைத்துக்கொண்டார் ஜெயரட்ணம்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்காக ஒருக்கா?"

"விடுங்கோ. இருந்து கேட்டாலும் ஜாஸ் ஜாஸ்தானே."

"இன்னும் கோவமோ?"

"என்ன கோவம்? விசர்க்கதை கதையாமல் பாட்டைக் கேளுங்கோ."

பாட்டு முடிந்து விளக்குகள் எரிந்தன. தொங்கிப்போன முகத்தோடு வெளியே போகத் திரும்பினார் ஜெயரட்ணம்.

பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர் சட்டைக் கையை மெல்லத் தொட்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்:

"எழுந்து ஆடுங்கள் என்று உங்கள் மனைவியிடம் நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இவ்வளவு பெரிய அரங்கத்தில் எனக்கு மேடை தெரிந்தது, அவர் தலைக்கு மேலால் மட்டும்தான்."